கார்டை மாற்றினால் திணறல் தீருமா?

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020-ஐப் பழைய கணினி ஒன்றில் ஓட்டி வருகிறேன். நடுவானில் விநாடிக்கு 45 ஃப்ரேம் கிடைக்கிறது. பெரிய விமான நிலையத்தில் ஜெட் விமானத்தை இறக்கும்போது அது 28-க்குச் சரிந்து, ஓடுபாதையைத் தொடும் தறுவாயில் படம் விட்டு விட்டு நகர்கிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 25 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. “பிராசஸர் சும்மாதான் இருக்கிறது, கிராஃபிக்ஸ் கார்டை மாற்று” என்கிறார் நண்பர். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் நண்பர் பார்த்த எண் சரியானது. அதைப் புரிந்துகொண்ட விதத்தில்தான் பிழை இருக்கிறது. டாஸ்க் மேனேஜர் காட்டும் 25 சதவீதம் என்பது எல்லாக் கோர்களையும் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளை) சேர்த்துப் போட்ட சராசரி. 8 கோர், 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசைகள்) கொண்ட ஒரு பிராசஸரில் ஒரே ஒரு த்ரெட் மூச்சுவிட நேரமில்லாமல் உழைத்தாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதமாகத்தான் தெரியும். போதாக்குறைக்கு, விண்டோஸ் அந்த வேலையை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு மாற்றிக்கொண்டே இருப்பதால், கோர்களைத் தனித்தனியாகப் பார்த்தாலும் எதுவும் 100-ஐத் தொடாமல் இருக்கலாம். சிமுலேட்டரோ விமானத்தின் இயக்கக் கணக்கு, காக்பிட் திரைகள், சுற்றியுள்ள விமானங்களின் நடமாட்டம், எந்தக் கட்டடத்தை எப்போது வரவழைப்பது என்ற முடிவு ஆகியவற்றில் பெரும்பகுதியை ‘மெயின் த்ரெட்’ என்ற ஒற்றை வரிசையில்தான் வைத்து முடிக்கிறது. பெரிய விமான நிலையத்தை நெருங்கும்போது இவை அனைத்தும் ஒரே நேரத்தில் கூடிவிடுகின்றன.

இதை ஊகிக்கத் தேவையில்லை. சிமுலேட்டரே அளந்து சொல்லும். பொது அமைப்புகளில் டெவலப்பர் மோடை இயக்கினால் திரையின் மேற்புறத்தில் ஒரு பட்டி தோன்றும். அதில் டீபக் மெனுவுக்குள் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) காட்டும் வசதி உண்டு. அந்தச் சிறு பெட்டியில் மெயின் த்ரெட், ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டின் சில்) ஆகியவை ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்கின்றன என்பதும், இப்போது எதனால் வேகம் கட்டுப்பட்டிருக்கிறது என்பதும் எழுதப்பட்டிருக்கும். நடுவானில் அல்ல, உங்களுக்குத் தொல்லை தரும் அதே இறங்குபாதையில், தரைக்குச் சில நூறு அடி உயரத்தில் இடைநிறுத்தம் செய்யாமல் அதைப் படியுங்கள்.

எடுத்துக்காட்டாக, மெயின் த்ரெட் 35 மில்லிசெகண்ட், ஜிபியு 20 மில்லிசெகண்ட் என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஏறத்தாழ இணையாகவே வேலை செய்வதால் ஃப்ரேமின் நேரத்தைத் தீர்மானிப்பது இவற்றில் நீளமானதுதான். 1000-ஐ 35-ஆல் வகுத்தால் கிடைப்பது 28-க்குச் சற்றே கூடுதல். நீங்கள் பார்க்கும் எண்ணும் அதுவே. இருமடங்கு வேகமான கார்டைப் போட்டு 20-ஐ 10 ஆக்கினாலும் 35 அப்படியேதான் இருக்கும். புதிய கார்டு ஒவ்வொரு ஃப்ரேமிலும் 25 மில்லிசெகண்ட் கைகட்டிக் காத்திருக்கும். மாறாக, ஜிபியு 35-ஆகவும் மெயின் த்ரெட் 20-ஆகவும் இருந்தால் உங்கள் நண்பருக்கு நானே பரிந்து பேசுவேன்.

இதையே வேறு வழியிலும் சரிபார்க்கலாம். ரெண்டர் ஸ்கேலிங்கை (காட்சியை எவ்வளவு தெளிவாக வரைவது என்ற அளவை) 100-லிருந்து 70-க்கு இறக்கினால், நீளம் அகலம் இரண்டும் குறைந்து, வரைய வேண்டிய பிக்சல்கள் ஏறத்தாழ பாதியாகிவிடும். அப்போதும் 28 என்பது 29-ஐத் தாண்டாவிட்டால் கார்டு நிரபராதி. அந்த நிலையில் செலவில்லாத மருந்து சில உண்டு: டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெய்லை (நிலப்பரப்பை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்ற அளவை) 200-லிருந்து 100-க்குக் குறைப்பது, விமான நிலைய வாகனங்களையும் பிற விமானங்களையும் குறைப்பது, காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகத்தை ஒரு படி இறக்குவது. மேகங்களையும் நிழல்களையும் குறைப்பது முக்கியமாகக் கார்டின் சுமையைத்தான் குறைக்கும். அதனால் உங்கள் சிக்கலுக்கு அது பெரிதாக உதவாது.

கேள்வி: 16 ஜிபி ராமை 32 ஜிபி ஆக்கினால் ஃப்ரேம் கூடுமா?

பதில்: 16 ஜிபி நிரம்பி வழிந்தால் மட்டுமே பயன் தெரியும், அதுவும் சராசரி எண்ணில் தெரிவதைவிட, பார்வையைச் சட்டென்று திருப்பும்போது வரும் தடுக்கல் குறைவதில்தான் தெரியும். பறந்துகொண்டிருக்கும்போது நினைவகப் பயன்பாடு உச்சிக்குப் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் கூடுதல் ராம் வெறுமனே உட்கார்ந்திருக்கும். அதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒற்றை ராம் குச்சி போட்டிருந்தால் டூயல் சேனல் (இரு குச்சிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் தரவு பெறும் வசதி) கிடைக்காது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகளில்) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பு இயக்கப்படாவிட்டால், 3200 என்று அச்சிட்ட ராம் 2133 அல்லது 2666 வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். வாங்கிய நாளிலிருந்து இப்படியே ஓடும் கணினிகள் ஏராளம்.

கேள்வி: எக்ஸ்-பிளேன் 12 சிமுலேட்டரை ஓட்டுகிறேன். என்னுடைய பிராசஸர் ரைசன் 7 5800எக்ஸ். மதர்போர்டை மாற்றாமல் 5800எக்ஸ்3டி போடலாம் என்கிறார்கள். இரண்டிலும் 8 கோர்தான். புதியதன் உச்ச வேகம் 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைகிறது. வேகம் குறைந்த சில்லை எதற்கு வாங்க வேண்டும்?

பதில்: ஐயம் நியாயமானதே. சிமுலேட்டரில் பிராசஸரின் நேரத்தில் பெரும்பங்கு கூட்டல் கழித்தலில் கழிவதில்லை. அடுத்த தரவு ராமிலிருந்து வந்து சேரும்வரை காத்திருப்பதில் கழிகிறது. நிலப்பரப்பு, கட்டடங்கள், விமானத்தின் உறுப்புகள் என்று சிதறிக் கிடக்கும் சிறு சிறு தரவுகளை அது இடைவிடாமல் தேடிக்கொண்டிருக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி, உங்கள் சில்லிலுள்ள 32 எம்பி எல்3 கேஷுக்கு (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகத்துக்கு) பதிலாக 96 எம்பி கொண்டது. அடுக்களையில் கைக்கெட்டும் தூரத்தில் பொருள் இருந்தால் பரணுக்கு ஏற வேண்டியதில்லை அல்லவா, அதைப் போன்றதுதான் இது. கோர்களைக் கூட்டுவதைவிட இந்த மாற்றம் சிமுலேட்டர்களுக்கு நன்றாக ஒத்துப்போகிறது.

ஆனாலும் முதல் கேள்விக்குச் சொன்ன நிபந்தனை இங்கும் பொருந்தும். எக்ஸ்-பிளேனின் டேட்டா அவுட்புட் பக்கத்தில் ஃப்ரேம் ரேட் வரியைக் காக்பிட்டில் காட்டச் செய்தால் சிபியு (பிராசஸர்) நேரமும் ஜிபியு நேரமும் தெரியும். 4கே திரையில் ஜிபியு நேரமே நீளமாக இருந்தால் எந்தப் பிராசஸரும் உங்களுக்கு உதவாது. மாற்றுவதென்று முடிவு செய்தால் முதலில் பழைய சில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

கேள்வி: கார்டை மாற்றிவிட்டேன். முன்பு 38 ஃப்ரேம், இப்போது 44. பணம் வீணாகவில்லைதானே?

பதில்: வாங்கிய பின் இந்த ஆறுதலைத் தேடாதவர் யார்? நானும் ஒரு முறை தேடியிருக்கிறேன். புதிய கார்டைப் பொருத்திய அன்று இரவே சிறு விமானத்தை எடுத்துக் கடல்மீது ஒரு வட்டம் அடித்து, எண் எகிறியதைக் கண்டு மகிழ்ந்தேன். மறுநாள் வழக்கமான விமான நிலையத்தில் ஜெட்டை இறக்கியபோது பழைய திணறல் அப்படியே நின்று வரவேற்றது. கடலில் கட்டடம் ஏது, போக்குவரத்து ஏது. மெயின் த்ரெட்டுக்கு வேலையே இல்லாத இடத்தில் அளந்திருக்கிறேன்.

உங்கள் 38-உம் 44-உம் ஒரே சூழலில் எடுக்கப்பட்டவையா என்பதே முதற்கேள்வி. நேரலை வானிலையில் நேற்று புயல் மேகம், இன்று தெளிந்த வானம் என்றால் ஆறு ஃப்ரேம் வித்தியாசம் மேகத்துக்குச் சேரலாம். இடையில் டிரைவர் புதுப்பிப்பு வந்திருக்கலாம், விண்டோஸைப் புதிதாக நிறுவியிருக்கலாம், கம்யூனிட்டி ஃபோல்டரில் இருந்த ஆட்-ஆன்கள் (நீங்கள் கூடுதலாகச் சேர்த்த விமானங்கள், காட்சிகள்) காலியாகியிருக்கலாம். ஆகவே அதே விமானம், அதே ஓடுபாதை, அதே நேரம், மாறாத வானிலை, அணைக்கப்பட்ட நேரலைப் போக்குவரத்து, அதே அமைப்புகள் என்று நிறுத்திக்கொண்டு, ஆட்டோபைலட்டை இறக்கச் சொல்லிவிட்டு, கடைசி மூன்று நிமிடங்களை அளக்க வேண்டும். நிலப்படங்கள் இணையத்திலிருந்து இறங்குவதால் முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு அடுத்த மூன்றைக் கணக்கில் எடுங்கள். அந்த மூன்றும் 36, 41, 38 என்று தமக்குள்ளேயே ஐந்து ஃப்ரேம் ஊசலாடினால், ஆறு ஃப்ரேம் முன்னேற்றம் என்று அடித்துச் சொல்ல இயலாது. பழைய கார்டு இன்னும் கையில் இருந்தால் அதை மீண்டும் பொருத்தி அளந்து பார்ப்பதே நேர்மையான சோதனை.

சராசரியை மட்டும் நம்பவும் வேண்டாம். ஒரு விநாடியில் 39 ஃப்ரேம்கள் தலா 22 மில்லிசெகண்டிலும் ஒரே ஒரு ஃப்ரேம் 142 மில்லிசெகண்டிலும் வந்தால், கூட்டுத்தொகை சரியாக 1000. சராசரி 40 என்று எண் பளபளக்கும். கண்ணுக்குத் தெரிவதோ அந்த ஒரு வெட்டுதான், அதுவும் மூக்கை மெல்ல உயர்த்தும் கணத்தில். எனவே மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் அளவையும் குறித்து ஒப்பிடுங்கள். 38-லிருந்து 44-க்குப் போனதைவிட, 142 என்பது 50-ஆகக் குறைந்திருந்தால்தான் கார்டு தன் வேலையைச் செய்திருக்கிறது.

கேள்வி: ஃப்ரேம் ஜெனரேஷனை இயக்கினால் எண் இருமடங்காகிறதே, அப்புறம் எதற்குப் பிராசஸர்?

பதில்: இரண்டு உண்மையான ஃப்ரேம்களுக்கு நடுவே கார்டு தானாக ஒன்றை வரைந்து செருகுகிறது, நடுவானில் காட்சி வழுக்கிக்கொண்டு போவது உண்மைதான். ஆனால் மெயின் த்ரெட், முதல் கேள்வியின் எடுத்துக்காட்டில் கண்ட அதே 35 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் உங்கள் ஜாய்ஸ்டிக் அசைவைக் கணக்கில் எடுக்கிறது. காட்சியை மட்டும் ரசிப்பவருக்கு இது போதும். பக்கக் காற்றில் ஓடுபாதையின் நடுக்கோட்டைப் பிடிக்கப் போராடுபவருக்குப் போதாது.