என்ன குருவி அது? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வீட்டுக் கொல்லைக்கும் பால்கனிக்கும் வரும் பறவைகளைப் பற்றி வாசகர்கள் நிறையவே எழுதிக் கேட்கிறீர்கள். ஒரே கேள்வி பல கடிதங்களில் வந்ததால் அவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: தினமும் ஒரு சின்னக் குருவி வருகிறது. முதுகு ஒருமாதிரி பச்சை, வயிறு வெளுப்பு. செடிக்குள்ளேயே புகுந்து புகுந்து போகிறது. வாலைத் தூக்கியபடியே இருக்கிறது. அந்த உடம்புக்குச் சத்தம் மட்டும் பெரிது! போனில் படம் எடுக்க முடியவில்லை. என்ன குருவி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் போனைக் கீழே வைத்துவிடுங்கள். கையைத் தூக்கிய உடனே குருவி இலைக்குப் பின்னால் போய்விடும். நீங்கள் திரையைப் பார்த்திருப்பீர்களே தவிர, குருவியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். எதைப் பார்ப்பது என்று தெரிந்திருந்தால் வெறுங்கண்ணால் அரை நிமிடம் பார்த்தாலே போதும்.

நிறத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் பச்சையாகத் தெரிகிற முதுகு நிழலில் சாம்பலாகிவிடும். ஒரே இனத்தில் ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம் இருக்கலாம். ஊதாத் தேன்சிட்டு ஆண் இனப்பெருக்கக் காலத்தில் கருநீலமாக மின்னும். அது முடிந்ததும் அந்த இறகுகள் உதிர்ந்து, பெண்ணைப் போலவே மஞ்சளும் தவிட்டு நிறமுமாகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சும். நிறத்தை மட்டும் நம்பினால் இரண்டு வேறு பறவை என்றுதான் எழுதி வைப்போம்.

நான் முதலில் பார்ப்பது அளவு. சிட்டுக்குருவி, மைனா, காகம் மூன்றும் எல்லோருக்கும் தெரியும். வந்த பறவை இவற்றில் எதைவிடப் பெரிது, எதைவிடச் சிறிது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அலகு. தடித்துக் கூம்பாக இருந்தால் விதை உடைக்கிற பறவை. மெலிந்து கூராக இருந்தால் பெரும்பாலும் பூச்சி பிடிப்பது. நீண்டு வளைந்திருந்து, பறவையும் கட்டைவிரல் அளவே இருந்தால் தேன்சிட்டு.

அடுத்தது நடை. மைனா ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நடக்கும். சிட்டுக்குருவி இரண்டு காலையும் சேர்த்துத் தத்தும். காகம் இரண்டையும் செய்யும். தண்ணீர் குடிப்பதைக்கூடப் பாருங்கள். பெரும்பாலான பறவைகள் அலகில் தண்ணீரை அள்ளி, தலையை அண்ணாந்து விழுங்கும். புறா அப்படியில்லை, அலகைத் தண்ணீருக்குள் வைத்துவிட்டுத் தலையைத் தூக்காமலே உறிஞ்சும். தொண்டை ஏறி இறங்குவது பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். ஒரு பறவையின் பழக்கம் இப்படிப் பிடிபட்டுவிட்டால் பெயர் தானாக வந்துவிடும்.

உங்கள் குருவிக்கு வருவோம். பச்சை முதுகு, தூக்கிய வால், புதருக்குள் வாசம், உடம்புக்கு மீறிய குரல். இது தையல்சிட்டு. உச்சந்தலையில் செம்பழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது கத்தும்போது தொண்டையின் பக்கத்தில் ஒரு கறுப்புத் தீற்று தோன்றி மறையும். அதையும் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. அகன்ற இலைகள் உள்ள செடி ஏதாவது பக்கத்தில் இருந்தால், இலையின் ஓரங்களில் ஓட்டை போட்டு, சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்துக் கூடு கட்டியிருக்கலாம். தேடிப் போய் இலையைப் புரட்டிப் பார்க்காதீர்கள். பெற்றோர் பூச்சியோடு எந்தப் பக்கம் போகின்றன என்பதைத் தள்ளி நின்று கவனித்தாலே இடம் தெரிந்துவிடும்.

கேள்வி: பறவைகளுக்காகத் தட்டு நிறையத் தானியம் வைக்கிறேன். காகமும் புறாவும் மட்டும்தான் வருகின்றன. மற்றவை வர என்ன வைக்க வேண்டும்?

தானியம் வைத்தால் தானியம் தின்கிறவைதான் வரும். தேன்சிட்டு, தையல்சிட்டு, இரட்டைவால் குருவி, செண்பகம் இவற்றுக்கெல்லாம் உங்கள் தட்டில் எதுவுமே இல்லை. கொண்டைக்குருவிக்குப் பழம் வேண்டும், பூச்சி வேண்டும். சிட்டுக்குருவியும்கூடத் தன் குஞ்சுக்குப் பூச்சிகளைத்தான் முக்கியமாக ஊட்டுகிறது. வட அமெரிக்காவில் சிக்கடீ என்று ஒரு சின்னப் பறவை உண்டு. ஒரு கூட்டுக் குஞ்சுகளை வளர்த்துக் கூட்டைவிட்டு அனுப்பும் வரைக்கும் அது 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை பிடித்துக் கொடுக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை புழுவை நாம் தட்டில் வைக்க முடியுமா? செடிதான் வைக்கும்.

அதனால் நான் சொல்வது இதுதான்: தட்டைப் பெரிதாக்குவதை விட்டுவிட்டுத் தோட்டத்தைக் கவனியுங்கள். பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள். இலையில் நாலு ஓட்டை விழுந்தால் அது யாரோ சாப்பிட்ட அடையாளம், அந்தப் புழுவைச் சாப்பிட இன்னொருவர் வருவார். ஒரு மூலையிலாவது சருகைக் கூட்டாமல் விடுங்கள். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து ஒவ்வொரு சருகாக அலகால் புரட்டிப் போட்டுத் தேடும். ஒன்று மேலே உட்கார்ந்து காவல் பார்க்கும், மற்றவை கீழே தேடும். எனக்கு அலுக்காத காட்சி அது. எந்தத் தீனித் தட்டிலும் அதைப் பார்க்க முடியாது. தவிட்டுக்குருவிகளின் சத்தம் தொல்லை என்று எழுதியிருந்த வாசகருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அவை குடும்பமாக வாழ்கிறவை. ஒரு கூட்டுக் குஞ்சுக்குப் பெற்றோர் மட்டுமல்ல, கூட்டத்தில் மற்றவையும் இரை கொண்டுவந்து தரும். சத்தம் போட்டுத்தான் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் இருக்கின்றன.

தானியம் வைக்கவே கூடாதா என்றால், வைக்கலாம். கொஞ்சமாக, அன்றன்றைக்குத் தீர்கிற அளவு வையுங்கள். உப்பு, எண்ணெய், மசாலா சேர்ந்த எதுவும் வேண்டாம். பூசணம் பிடித்த தானியத்தைப் பறவைதானே என்று போடாதீர்கள். தட்டைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, வாசனை போகிற வரை அலசுங்கள். இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1994-இல் அமெரிக்காவில் ஹவுஸ் ஃபின்ச் என்ற குருவிகளுக்கு ஒரு கண்நோய் வந்தது. கோழிகளிடம் இருந்த கிருமி அது. கண் வீங்கி மூடிக்கொள்ள, பார்வை போய் ஏராளமான குருவிகள் செத்தன. மக்கள் அன்போடு வைத்த தீனிக் குடுவைகளில் நோயுற்றதும் ஆரோக்கியமானதும் ஒரே இடத்தில் வாய் வைத்தது, நோய் பரவிய வழிகளில் முக்கியமான ஒன்று. தட்டுக்கு வருகிற பறவை ஏதாவது கண் வீங்கியோ, இறகு சிலிர்த்து ஒடுங்கியோ தெரிந்தால் சில வாரங்களுக்குத் தட்டை எடுத்துவிடுங்கள். அவை வேறு இடத்தில் இரை தேடிக்கொள்ளும்.

கேள்வி: தண்ணீர் வைத்தால் கொசு வருமே?

தினமும் மாற்றினால் வராது. கொசு முட்டையிட்டுப் புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க, நல்ல வெயில் காலத்திலேயே ஒரு வாரம் போல ஆகும். நேற்றைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக வையுங்கள், அவ்வளவுதான்.

தீனியா தண்ணீரா என்றால் நான் தண்ணீர் பக்கம். தானியம் தொடாத பறவைகளும் தண்ணீருக்கு வரும். ஆழம் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம். சின்னப் பறவை நின்று குளிக்கிற ஆழம் அதுதான். வழுவழுப்பான பீங்கானைவிடச் சொரசொரப்பான மண் தட்டு நல்லது, கால் வழுக்காது. நடுவில் ஒரு கல் வையுங்கள். பக்கத்தில் தப்பி ஓட ஒரு புதர் வேண்டும். ஆனால் பூனை பதுங்குகிற அளவுக்கு ஒட்டினாற்போல் வேண்டாம்.

கேள்வி: தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா?

அமெரிக்காவில் ஹம்மிங்பேர்டுகளுக்கு வைக்கிறார்கள்: ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர். அதிலும் தேன் சேர்ப்பதில்லை. சீக்கிரம் புளித்துப் பூசணம் பிடித்துவிடும். சாயமும் சேர்க்கக் கூடாது. இருந்தாலும் உங்களுக்கு அந்த வேலை வேண்டாம் என்பேன். ஒரு செம்பருத்தி வையுங்கள். தேன்சிட்டு பூவுக்கு முன்பக்கமாகத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். நீளமான பூ என்றால் அடிப்பக்கத்தில் அலகால் ஒரு சின்ன ஓட்டை போட்டுத் தேனை எடுத்துவிடும். உதிர்ந்த பூவை எடுத்து அடியில் பாருங்கள், ஊசி குத்தினாற்போல் தடம் இருக்கும். இன்னொன்று, ஒட்டடை அத்தனையையும் அடிக்காதீர்கள். தேன்சிட்டுக்குச் சிலந்தி இரையும் ஆகும். தொங்குகிற கூட்டைக் கட்ட அந்த நூலும் வேண்டும்.

கேள்வி: காகம் ஒன்று உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு பறவைக்கு ஊட்டுவதைப் பார்த்தேன். அது என்ன?

குயில் குஞ்சு. குயில் கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குயில் முட்டை காக முட்டைக்கு முந்திப் பொரியும், அதனால் குஞ்சுக்கு வளர்ச்சியிலும் முந்திக்கொள்ள வாய்ப்பு. நீங்கள் பார்த்தது அரிய காட்சி இல்லை, ஆனால் கவனித்துப் பார்த்தவர்கள் குறைவு. பக்கத்து மரத்தில் ‘கூ... கூ...’ என்று ஏறிக்கொண்டே போகிற குரல் கறுப்பு ஆணுடையது. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் ‘கிக் கிக்’ என்று மட்டும் கத்தும்.

கேள்வி: கூட்டிலிருந்து குஞ்சு விழுந்துவிட்டது. நாம் தொட்டால் தாய் சேர்க்காதாமே?

சேர்க்கும். மனித வாசனைக்காகப் பெற்றோர் குஞ்சைக் கைவிடுவதில்லை. முதலில் அது எந்தப் பருவம் என்று பாருங்கள். இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே எடுத்து வையுங்கள். கூடு கலைந்திருந்தால் அடியில் ஓட்டையுள்ள ஒரு சின்னக் கூடையில் காய்ந்த புல் போட்டு, அதே மரத்தில் கட்டி, குஞ்சை அதில் விட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக இருந்து, தத்தித் தத்திப் போகிறதென்றால் அது விழவில்லை, பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனையை மட்டும் உள்ளே பிடித்துப் போடுங்கள்.

வாயைத் திறந்து தண்ணீர் விடாதீர்கள். மூச்சுக்குழலுக்குள் போய் அதிலேயே செத்துப்போகும். பாலும் கொடுக்காதீர்கள், செரிக்காது.

கேள்வி: வைரி ஒன்று வந்து தட்டில் இருந்த சிட்டுக்குருவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதை எப்படி விரட்டுவது?

விரட்ட வேண்டாம். அதற்கும் குஞ்சு இருக்கிறது. மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், எனக்கும் இருக்கும். ஆனால் குருவிகளை ஒரே இடத்தில் கூட்டி உட்கார வைத்தது நாம் வைத்த தட்டுதான். சில நாள் தானியத்தை நிறுத்துங்கள், குருவி கலைந்துபோகும், வைரியும் வேறு பக்கம் போகும். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அக்காக்குயில் நிறத்திலும் பறக்கிற விதத்திலும் அப்படியே வைரி மாதிரி இருக்கும். அலகு கொக்கியாக வளையாமல் நேராக இருந்தால் வந்தது குயில்.

கேள்வி: குரலை வைத்துப் பெயர் சொல்லும் செயலியை நம்பலாமா?

மெர்லின் நல்ல செயலி. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் செய்தது, இலவசம். அது சொல்கிற பெயரை ஒரு துப்பாக வைத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் தேடுங்கள். இரட்டைவால் குருவி வைரியின் குரலில் கத்தி மைனாக்களைக் கலைத்துவிட்டு, அவை விட்டுப்போன இரையை எடுத்துக்கொள்ளும். மைனாவே ஏமாறுகிற குரலுக்குச் செயலி ஏமாறாதா?

பார்த்ததை எழுதி வையுங்கள்: தேதி, நேரம், என்ன செய்தது. பிப்ரவரியில் நாலு நாள் உலகம் முழுக்கக் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1998-இல் தொடங்கியது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து எண்ணி, இ-பேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். காகமும் புறாவும் மட்டும்தான் வந்தன என்றாலும் அதையும் பதியுங்கள்.

கேள்வி: ஒரு குருவி ஜன்னல் கண்ணாடியை ஓயாமல் கொத்துகிறது. இன்னொரு நாள் வேறு ஒன்று கண்ணாடியில் மோதி விழுந்தது. என்ன செய்வது?

இரண்டும் வேறு வேறு. கொத்துகிற குருவி கண்ணாடியில் தெரிகிற தன் பிம்பத்தை எதிரி என்று நினைக்கிறது. கூடு கட்டும் காலத்தில் இடத்தைக் காக்கிற வேகம் அது. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் துணியோ காகிதமோ கட்டி மறையுங்கள், விட்டுவிடும்.

மோதுவது ஆபத்து. கண்ணாடியில் தெரிகிற மரத்தை மரம் என்றே நம்பி முழு வேகத்தில் வருகிறது. விழுந்த பறவையை மூச்சுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மெல்ல வைத்து, மூடி, அமைதியான இடத்தில் விடுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம், ஊட்ட வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து வெளியே கொண்டுபோய்த் திறந்தால் பல பறவைகள் பறந்துவிடும். சிறகு தொங்கினாலோ எழ முடியாவிட்டாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அடுத்த பறவை மோதாமல் இருக்க, ஒரே ஒரு பருந்துப் படத்தை ஒட்டினால் பலன் இல்லை. கண்ணாடி முழுக்க 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ வேண்டும், அதுவும் வெளிப்பக்கத்தில்.