ஏலத்தில் எடுக்கப் போகிறீர்களா? டெபாசிட் கட்டுவது முதல் சாவி வாங்குவது வரை: கேள்வி பதில்

வங்கிச் சொத்து, வாகனம், பழைய இரும்பு என்று மூன்று வகை ஏலம் பற்றியும் கேள்விகள் வந்திருக்கின்றன. மூன்றுக்கும் பொதுவாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏலம் நடக்கும் அந்த அரைமணி நேரத்தில் பணத்தை இழப்பவர்கள் குறைவு. அதற்கு முன் நிபந்தனைத் தாளைப் படிக்காமல் இழப்பவர்களும், அதற்குப் பின் கெடு தேதியைத் தவறவிட்டு இழப்பவர்களும்தான் அதிகம்.

கேள்வி: வங்கி ஏலத்தில் வீடு எடுக்க நினைக்கிறேன். மொத்தப் பணமும் கையில் இருக்க வேண்டுமா? எப்போது எவ்வளவு கட்ட வேண்டும்?

கணக்காகவே பார்ப்போம். ரிசர்வ் விலை (ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை) 54 லட்சம், டெபாசிட் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்துக்கு முன்பே 5,40,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். 62 லட்சத்துக்கு உங்கள் பெயரில் முடிகிறது. 62 லட்சத்தில் 25 சதவீதம் 15,50,000. அதில் டெபாசிட்டைக் கழித்தால் மீதி 10,10,000. இதை அன்றே, அல்லது அதிகபட்சம் அடுத்த வேலை நாளுக்குள் கட்டிவிட வேண்டும். மீதி 75 சதவீதம், அதாவது 46,50,000 ரூபாயை, வங்கி விற்பனையை உறுதி செய்த நாளிலிருந்து 15 நாளுக்குள் கட்ட வேண்டும். வாராக் கடனுக்காக வங்கி அடமானச் சொத்தை விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 2002-ஆம் ஆண்டு விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. கிளை மேலாளர் வாயால் தரும் அவகாசம் செல்லாது. 15 நாள் போதாது என்றால் நீட்டிப்பை எழுத்தில் வாங்குங்கள். அப்படி வாங்கினாலும் மொத்தம் மூன்று மாதத்தைத் தாண்ட முடியாது.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் வாங்குபவர் பொறுப்பு. நம் கணக்கில் அது 62,000 ரூபாய். யாருடைய பான் எண்ணில் கட்டுவது, கடைசித் தவணையில் கழித்துக்கொள்ளலாமா என்று வங்கியிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடுத்த நாள் பணம் அனுப்பும்போது நெட் பேங்கிங் லிமிட் இடித்துவிட்டது. இதற்கெல்லாம் டெபாசிட்டைப் பிடிப்பார்களா?

பிடிக்கலாம். கெடு கெடுதான். பெரிய தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ் முறை 2020 டிசம்பர் முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது, ஆனால் உங்கள் கணக்கின் தினசரி வரம்பு அதற்குக் கட்டுப்படாது. புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் நாளில் சிறு தொகைதான் அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாடும் பல வங்கிகளில் உண்டு. ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பே, பணம் போக வேண்டிய கணக்கு எண்ணைச் சேர்த்து, வரம்பை உயர்த்திவிடுங்கள். பணம் போனதும் யூடிஆர் எண்ணை (பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்) வங்கியின் ஏல அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

கேள்வி: 25 சதவீதம் கட்டிவிட்டேன், வீட்டுக்கடன் தாமதமாகிறது. மீதி கட்ட முடியாவிட்டால் டெபாசிட் மட்டும்தானே போகும்?

இல்லை, கட்டிய 25 சதவீதம் முழுவதும் போகும். வங்கிக்கு நட்டமே இல்லாமல் அதே சொத்து பிறகு கூடுதல் விலைக்குப் போனாலும் உங்கள் பணம் திரும்பாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. அதனால் இன்றே நீட்டிப்புக் கேட்டு எழுதிக் கொடுங்கள். கெடு முடிந்த பிறகு கேட்டால் பயன் குறைவு.

ஏலத்துக்குக் கிளம்பும் மற்றவர்களுக்கு: முழுப் பணமும் கட்டிய பிறகுதான் விற்பனைச் சான்றிதழ் வரும், அது வரும்வரை அடமானம் வைக்க உங்கள் பெயரில் எதுவும் இருக்காது. கடன் தரும் வங்கி தயங்குவது இதனால்தான். ஏல அறிவிப்பைக் காட்டி முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவைக்காமல் கடனை நம்பி ஏலம் கேட்காதீர்கள்.

கேள்வி: "அடையாளச் சுவாதீனம்" என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. விலை குறைவாக இருக்கிறது. எடுக்கலாமா?

விலை குறைந்ததற்குக் காரணமே அந்த இரண்டு சொல்தான். வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, ஆனால் வீட்டுக்குள் கடன் வாங்கியவரோ வாடகைதாரரோ இருக்கிறார். ஆளைக் காலி செய்ய வங்கி தலைமை நீதித்துறை நடுவரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ உத்தரவு வாங்க வேண்டும். உத்தரவுக்குச் சட்டத்தில் 30 நாள், காரணம் பதிவு செய்தால் மொத்தம் 60 நாள் என்று இருக்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். அதுவரை உங்கள் 62 லட்சம் முடங்கிக் கிடக்கும். வட்டியையும் வாடகையையும் கணக்கில் சேர்த்துப் பார்த்து, அதற்குப் பிறகும் லாபம் என்றால் மட்டும் கேளுங்கள். முதல்முறை ஏலம் எடுப்பவருக்கு நான் சொல்வது: நேரடிச் சுவாதீனம் வங்கியிடம் இருக்கும் சொத்தை மட்டும் தொடுங்கள்.

கேள்வி: ஏலம் முடிந்த பிறகு கடன்காரர் பணத்தைக் கட்டி மீட்டுக்கொள்ள முடியுமா?

2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியானதோடு அவருடைய மீட்கும் உரிமை முடிகிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. ஆனால் நடைமுறையில் தவறு இருந்தால், உதாரணமாக 30 நாள் நோட்டீஸ் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்றால், அவர் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஏலமே ரத்தாகலாம். வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று முன்பே பார்ப்பது இதற்காகத்தான். வில்லங்கச் சான்றை 30 ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள். அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவேடான செர்சாயிலும் தேடுங்கள், வேறொரு நிறுவனத்தின் அடமானம் அதில் தெரியலாம்.

கேள்வி: ஆன்லைன் ஏலத்தில் கடைசி நொடியில் கேட்டால் ஜெயிக்கலாம் என்கிறார்கள். உண்மையா?

அந்த வித்தை இங்கே பலிக்காது. முடியும் நேரத்துக்குச் சில நிமிடம் முன்பு யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். 5 நிமிட நீட்டிப்பு என்பது நிறைய அறிவிப்புகளில் இருக்கும். யாரும் கேட்காமல் அந்த 5 நிமிடம் கழிந்தால்தான் ஏலம் முடியும். எனவே வேகத்தால் பயனில்லை. உங்கள் உச்ச விலையை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டாதீர்கள்.

பயப்பட வேண்டியது ஒரு பூஜ்யத்துக்கு. 6200000 என்று திரையில் கமா இல்லாமல் வரும்போது 62000000 என்று அழுத்திவிடுவது நடக்கிறது. கேட்ட விலையைத் திரும்பப் பெற வழியில்லை. எண்ணாலும் எழுத்தாலும் காட்டும் உறுதிப்படுத்தும் பெட்டி வரும். அதில் எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

பதிவை ஒரு வாரம் முன்பே முடியுங்கள். ஆவணச் சரிபார்ப்புக்கு நாள் பிடிக்கும். பொதுத்துறை வங்கிகளின் சொத்துகள் 2025 ஜனவரியிலிருந்து பாங்க்நெட் தளத்தில் வருகின்றன. அரசு, பொதுத்துறைப் பொருட்கள் பெரும்பாலும் மத்திய அரசு நிறுவனமான எம்எஸ்டிசியின் ஏலத் தளத்தில். எதிலானாலும் டெபாசிட் போகும் கணக்கு வங்கியின் அல்லது தளத்தின் பெயரில் இருக்க வேண்டும். தனிநபர் பெயரில் கணக்கு எண் கொடுத்தால் அது மோசடி.

கேள்வி: ஏல இடத்தில் ஒரு குழு வந்து, "கேட்காமல் இருங்கள், ஆளுக்குப் பத்தாயிரம் தருகிறோம்" என்றார்கள். வாங்கலாமா?

கூடாது. கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குவதைப் போட்டிச் சட்டம் தடை செய்கிறது. தெரியவந்தால் ஏலத்தை ரத்து செய்து டெபாசிட்டையும் பிடிப்பார்கள். அப்படிக் குறையும் ஒவ்வொரு ரூபாயும் கடன்காரர் தலையில்தான் விழுகிறது.

கேள்வி: போலீஸ் ஏலத்தில் பைக் எடுத்தால் ஆர்சி கிடைக்குமா அண்ணே?

தம்பி, வண்டி எப்படி விற்கப்படுகிறது என்பதை அறிவிப்பில் பாருங்கள். ஓட்டும் வண்டியாக விற்கிறார்களா, ஸ்க்ராப்பாகவா? ஸ்க்ராப் என்று இருந்தால் அதைச் சாலைக்குக் கொண்டுவர முடியாது. மலிவாகத் தெரிகிறதே என்று எடுத்துவிட்டு ஆர்டிஓ அலுவலகத்துக்கு அலைபவர்கள் இந்த வரியைப் படிக்காதவர்கள்.

ஓட்டும் வண்டி என்றால், கையில் வாங்கிய 30 நாளுக்குள் படிவம் 32-ல் விண்ணப்பிக்க வேண்டும். ஏல அதிகாரி கையெழுத்திட்ட விற்பனை உறுதி ஆணையும், ஏலத்துக்கு அனுமதி தந்த அரசு ஆணையின் சான்றிட்ட நகலும் அதனுடன் போக வேண்டும். இரண்டாவதைக் கேட்டு வாங்க மறந்துவிடுவார்கள். பிறகு அதற்காக அலைய நேரும். எனவே பணம் கட்டும் மேசையிலேயே கேளுங்கள்.

பார்வையிடும் நாளில் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள். சேஸ் எண் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் விழ வேண்டும். ஓரிடத்தில் மழுங்கி, அடுத்த எண் மட்டும் ஆழமாக இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஏலப் பட்டியலில் உள்ள எண்ணோடும் ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் ஆர்டிஓவில் நிற்கும்.

15 ஆண்டு கடந்த அரசு வாகனத்தின் பதிவை 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்க முடியாது. அவை பதிவு பெற்ற அழிப்பு மையங்களுக்கு மட்டுமே. வங்கி பறிமுதல் செய்த வண்டியானால் வழி வேறு: ஆர்சி கிடைக்காவிட்டால் நிதி நிறுவனம் படிவம் 36 மூலம் தன் பெயருக்குப் புது ஆர்சி எடுத்து உங்களுக்கு மாற்ற வேண்டும். கடன் நீக்கத்துக்குப் படிவம் 35. வண்டி மேல் இருக்கும் அபராதமும் வரி பாக்கியும் யார் பொறுப்பு என்று எழுத்தில் இல்லையென்றால் உங்கள் பொறுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்க்ராப் லாட் எடுத்தேன். 12 டன் என்று போட்டு 10 டன்தான் தேறியது. மீதிப் பணம் திரும்புமா?

எடைக்கு விற்ற லாட்டா, மொத்தமாக விற்ற லாட்டா என்பதைப் பொறுத்தது. எடைக்கு விற்றால் 12 டன் ஒரு மதிப்பீடுதான். டன் 30,000 என்றால் முதலில் 3,60,000-மும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 64,800-மும் கட்டியிருப்பீர்கள், டிசிஎஸ் (விற்பவர் உங்களிடம் வசூலித்துக் கட்டும் வருமான வரி) தனி. எடைமேடைச் சீட்டுப்படி குறைந்த 2 டன்னுக்கான தொகை திரும்பும். மொத்த லாட் என்றால் குறைந்தது குறைந்ததுதான். "உள்ளது உள்ளபடி" என்பதன் பொருள் அது.

வரியில் ஒரு நுணுக்கம். விற்பவர் (ரயில்வே நீங்கலாக) மத்திய, மாநில அரசோ உள்ளாட்சி அமைப்போ ஆகி, நீங்கள் ஜிஎஸ்டி பதிவு உள்ளவரானால், பழைய பொருள், ஸ்க்ராப், பழைய வாகனத்துக்கான வரியை நீங்களே நேரடியாகச் செலுத்த வேண்டும். விற்பவர் வசூலிக்கக் கூடாது. தெரியாமல் அங்கேயும் கட்டி இங்கேயும் கட்டுபவர்கள் உண்டு. பொதுத்துறை நிறுவனம் என்றால் பில்லிலேயே வரி வரும்.

கேள்வி: சரக்கு எடுக்கும்போது எங்கே சிக்கல் வரும்?

இங்கேதான் லாபம் கரையும், எனவே விரிவாகச் சொல்கிறேன். முழுத் தொகை சேர்ந்ததும் டெலிவரி ஆர்டர் வரும். அதில் எடுக்க வேண்டிய கடைசி நாள் இருக்கும். ஒரு நாள் தாண்டினாலும் இடவாடகை ஓடத் தொடங்கும். கொஞ்ச நாள் கழித்து லாட்டே ரத்தாகி, கட்டிய பணமும் போகும். லாரியையும் கிரேனையும் ஏலம் முடிந்த அன்றே பேசிவிடுங்கள்.

உள்ளே போகும் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை நகல், லாரிக்கு ஆர்சி, எஃப்சி (தகுதிச் சான்று), காப்பீடு. தொழிற்சாலையானால் தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி இல்லாமல் வாசலிலேயே நிறுத்துவார்கள். நீங்கள் நேரில் போகவில்லையென்றால் அதிகாரக் கடிதத்தில் வருபவரின் கையெழுத்தை நீங்கள் சான்றளித்திருக்க வேண்டும். கேஸ் கட்டிங் செய்ய வேண்டிய பொருளானால் அனுமதியைத் தனியாகக் கேளுங்கள். வெட்டக் கூடாது என்று நிபந்தனை இருந்தால் முழுசாகத் தூக்கும் செலவு உங்களுடையது.

எடை: காலி லாரியை உள்ளே போகும்போது எடை போடுவதை நீங்களும் மேடை அருகில் நின்று பாருங்கள். காலி எடை போடும்போது டிரைவர் வண்டியில் இருந்தாரென்றால் சரக்கோடு போடும்போதும் இருக்க வேண்டும். டீசல் இடையில் நிரப்பக் கூடாது. மழைக்குப் பின் ஏற்றினால் சேறும் தண்ணீரும் இரும்பு விலைக்குப் போகும், ஒரு நாள் காய விட முடியுமா என்று கேளுங்கள். நல்லதைப் பொறுக்கிவிட்டு மற்றதை விட்டுப் போக முடியாது. கழிவோடு சேர்த்து இடத்தைச் சுத்தமாகத் தர வேண்டும். வெளிமாநிலம் போனால் 50,000 ரூபாய்க்கும், தமிழ்நாட்டுக்குள் போனால் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு) எடுத்த பிறகே கேட் பாஸ் வாங்கி வெளியே வாருங்கள்.

கேள்வி: விற்பனைச் சான்றிதழ் வந்துவிட்டது. பத்திரப் பதிவு கட்டாயமா? சாவி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

சான்றிதழே உங்களுக்கு உரிமை தருகிறது, அதைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. வங்கி அதன் நகலைச் சார்பதிவாளருக்கு அனுப்பி முதல் புத்தகத்தில் கோப்பிடச் சொல்லலாம், அதற்கு முத்திரைத் தீர்வை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்களே மூலத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்தால் தீர்வை உண்டு. கையெழுத்தான நாளிலிருந்து 4 மாதத்துக்குள் செய்ய வேண்டும். பின்னால் விற்கவோ கடன் வாங்கவோ போகிறவர்கள் பதிவு செய்துவிடுவதே நல்லது.

சாவி வாங்கும் முன் மின் இணைப்பு எண்ணைப் போட்டு நிலுவையைப் பாருங்கள். பழைய உரிமையாளரின் மின் பாக்கியை, விதி இடம் தந்தால், புதியவரிடம் கேட்கலாம் என்று 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொத்து வரி, குடிநீர், அடுக்கக வீடானால் பராமரிப்புக் கட்டண பாக்கி, எல்லாவற்றுக்கும் ரசீது கேளுங்கள். வீட்டில் பழைய உரிமையாளரின் பீரோ, கட்டில் ஏதாவது இருந்தால் தொடாதீர்கள். வங்கி அதிகாரி முன்னிலையில் அறை வாரியாகப் பட்டியலிட்டு, போட்டோ எடுத்து, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வாங்கி, அவர்களையே எடுத்துப்போகச் சொல்லுங்கள். அதன் பிறகு பூட்டை மாற்றுங்கள்.