குடிக்கக் கொஞ்சம் வெள்ளம்

வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்டம் விளவங்கோடு வட்டாரத்தில் 27 வருடம் நூலகராக இருந்து ஓய்வுபெற்ற அக்கா, சமீபத்தில் படித்த கதைகளைப் பற்றி இந்த மாதம் பதில் சொல்கிறார்.

அக்கா, இந்த இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் என்னென்ன படித்தீர்கள்? எது மனசில் நின்றது?
– கல்லூரி மாணவி, கருங்கல்

மழை விடாமல் பெய்ததில் ரப்பர் பால் வெட்டு நின்றுபோனது. வெட்டுக்கு ஆள் வராத நாளில் எனக்கும் வேலை குறைவு. அப்படி ஐந்து புத்தகம் முடிந்தது, பாதிக்கு மேல் மறுவாசிப்புதான். நின்றது தோப்பில் முகமது மீரானின் 'சாய்வு நாற்காலி'. 1997-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கிய நாவல். பழைய தறவாட்டுப் பெருமையை, அதாவது பரம்பரை வீட்டுப் பெருமையை, விடமுடியாத முஸ்தபாக்கண்ணு, நாற்காலியை விட்டு எழும்பாமல் வீட்டுச் சாமானை ஒவ்வொன்றாக விற்றுத் தின்கிறார். இருபது வருடம் முன்பு படித்தபோது அவர் பேச்சு எனக்குச் சிரிப்பாக இருந்தது. இந்த முறை சிரிப்பு வரவில்லை. ஒரு பொருள் வாசல் தாண்டிப் போகும்போது உள்ளே நிற்கிற மனைவியின் முகத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கைப்பிடி நீண்டு, காலைத் தூக்கிப் போட வசதியான அந்த நாற்காலி எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் கிடக்கிறது, தங்கச்சி. நாவலைப் படித்த பிறகு அதில் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

குமரி மாவட்ட நாவல் என்றாலே பக்கத்துக்குப் பத்துப் புரியாத சொல். கடைசியில் உள்ள சொற்பட்டியலைப் புரட்டிப் புரட்டிக் கதையே விட்டுப்போகிறது. எல்லாருக்கும் புரிகிற தமிழில் எழுதினால் என்ன?
– வாசகர், சேலம்

அய்யா, உங்கள் சிரமம் உண்மைதான். ஆனால் அந்தச் சொற்களை எடுத்துவிட்டால் கதையில் ஆளே இருக்க மாட்டார்கள்.

என் அப்பாவைச் சொல்கிறேன். அவர் பள்ளியில் படித்தது மலையாளம், வீட்டில் பேசியது தமிழ். அவருடைய கணக்கு நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. எழுத்து மலையாளம், சொல் தமிழ். 'மரச்சீனி விற்ற வகை', 'சக்கை விற்ற வகை' என்று வரிசையாக எழுதியிருப்பார். மரச்சீனி என்றால் மரவள்ளிக்கிழங்கு, சக்கை என்றால் பலாப்பழம். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதன் பிறகும் அப்பா அதே எழுத்தில்தான் கணக்கு எழுதினார். ஒரு சந்திக்கடைக்குப் போய் நின்றால் இன்றும் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிக்க முடியாது. குடிக்கத் தண்ணீர் கேட்கிற கிழவி 'கொஞ்சம் வெள்ளம் தா மக்ளே' என்றுதான் கேட்பாள். வடக்கே இருந்து மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி, அந்தச் சொல்லைக் கேட்டுத் திகைத்து நின்றதை என் நூலக வாசலிலேயே பார்த்திருக்கிறேன். அவர் ஊரில் வெள்ளம் என்றால் ஆறு கரை உடைத்துக்கொண்டு வருவது. இங்கே அது ஒரு செம்பில் அடங்கும்.

நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968-ல் வந்தது. இரணியலில் நடக்கிற கதை. அதில் உண்ணாமலை ஆச்சி பேசுவதைப் பொதுத்தமிழில் மாற்றிப் பாருங்கள். பேரன் திரவிக்கு அவள் சொல்லும் பழங்கதை வெறும் தகவலாகிவிடும். அவனுடைய அக்கா நாகம்மையைப் புருஷன் வீட்டார் பழி சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அந்தப் பழியின் கனம் அந்தத் தெருவின் பேச்சில்தான் இருக்கிறது. அதனால் ஒரு யோசனை: பட்டியலைப் புரட்டாதீர்கள். முதல் 30 பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். சேலத்துக்காரர்கள் இரண்டு பேர் எனக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள், இப்படித்தான் உள்ளே போனோம் என்று.

என்னுடைய வருத்தம் வேறே இருக்கிறது. மலையாளத்திலிருந்து தமிழுக்கு வருகிற சில நாவல்களில் 'கப்ப' என்பதை மரவள்ளிக்கிழங்கு என்று போடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் பக்கத்திலேயே மரச்சீனி என்ற சொல் இருக்கிறதே! ஆற்றுக்கு அந்தக் கரையில் நடக்கிற கதை, எங்கள் வாசலைத் தாண்டிப் போய், எங்கோ தூரத்துத் தமிழைப் பேசிக்கொண்டு திரும்பி வருகிறது. மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறை கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையில் பஸ் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போகலாம்.

நல்ல இலக்கியம் படிக்கிற நீங்கள் துப்பறியும் கதை, பேய்க்கதை எல்லாம் படிப்பீர்களா?
– வாசகர், தென்காசி

படிப்பேன். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' இந்த மழையில்தான் படித்தேன். நடப்பது பேய் வேலையா, விஞ்ஞான வித்தையா என்று துப்பறியும் வக்கீல்கள் கணேஷும் வசந்தும் மாறி மாறி யோசிக்கிறார்கள். நம்மையும் அந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவைப்பதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். இருட்டுக் காட்சிகள் அருமை. பெண்களைப் பற்றி வசந்த் அடிக்கிற பேச்சு மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை, பல பக்கத்தில் எரிச்சல் வந்தது.

நான் கள்ளியங்காட்டு நீலியின் கதை கேட்டு வளர்ந்தவள். பனைமூட்டில் நின்று வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்கிற யட்சிதான் எனக்குப் பயம். பங்களாவும் விஞ்ஞானமும் அந்த அளவுக்குப் போகவில்லை.

மகனுக்கு 12 வயது. விஞ்ஞானக் கதை கேட்கிறான். தமிழில் என்ன கொடுக்கலாம்?
– ஒரு அம்மா, செங்கோட்டை

'என் இனிய இயந்திரா' கொடுங்கள். அதுவும் சுஜாதாதான். குழந்தை பெறக்கூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்கிற ஒரு காலம், அதில் கணவனைத் தேடுகிற நிலா, கூடவே ஜீனோ என்கிற இயந்திர நாய். கதை நடப்பதாகச் சொன்ன வருடம் தாண்டிப் போய்விட்டது. அதனால் ஒன்றும் குறையவில்லை. புத்தகம் படித்துப் படித்து யோசிக்கப் பழகுகிற அந்த நாயைப் பையன்கள் விடமாட்டார்கள். என் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை இரண்டு முறை பைண்டிங் பண்ண வேண்டி வந்தது.

'செம்மீன்' படித்தேன். பெண் கரையில் ஒழுக்கமாக இருந்தால்தான் கடலுக்குப் போனவன் திரும்புவான் என்று வருகிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் அதைக் கொண்டாடுவீர்களா?
– மீனவர் வீட்டுப் பெண், தூத்தூர்

உன் கோபம் நியாயம், மோளே. நானும் இதைப் படித்துவிட்டு இரண்டு ராத்திரி சரியாக உறங்கவில்லை.

தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-ல் மலையாளத்தில் எழுதியது. தமிழில் கொண்டுவந்தவர் நம் நாகர்கோவில் சுந்தர ராமசாமி. கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் ஒருவரையொருவர் நினைப்பதை இத்தனை நெருக்கமாக எழுதிய கை, அந்த நம்பிக்கையையும் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறது. கடைசியில் கறுத்தம்மாவின் புருஷன் பழனி தனியாகப் போய் வலிய மீனோடு மல்லுக்கட்டுகிற பக்கங்களை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் படிப்பேன். அந்த நேரத்தில் கரையில் நடப்பதை அதோடு முடிச்சுப் போடுகிறாரே, அங்கேதான் எனக்கும் நெஞ்சு அடைக்கிறது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது உன் ஊர்க் கடற்கரையில் பெண்கள் ராவும் பகலும் நின்றதை நான் வந்து பார்த்தேன். ஆழ்கடலுக்கு முன்பே போயிருந்த வள்ளங்களுக்கு எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. எத்தனை பேர் திரும்பவில்லை என்பது உனக்குத் தெரியும். அங்கே நின்ற யாருடைய ஒழுக்கத்துக்கும் அந்தக் காற்றோடு ஒரு சம்பந்தமும் இல்லை. அன்றைக்கு ஒரு சின்னப் பெண் கையில் குழந்தையோடு, 'நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா அக்கா' என்று என்னைக் கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் வாயில் வைத்தது இப்படிப்பட்ட கதைகளும் பாட்டுகளும்தான். அதனால் 'செம்மீன்' பெரிய நாவல் என்று சொல்லுவேன், அந்த நம்பிக்கை பொய் என்றும் அதே மூச்சில் சொல்லுவேன். உன் கரையிலிருந்து நீயே ஒரு கதை எழுதி அனுப்பு. அச்சில் வராவிட்டாலும் நான் படிப்பேன்.

அம்மாவுக்கு 84 வயது, கண் மங்கிவிட்டது. ராத்திரி எதையாவது வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள். என்ன வாசிக்கலாம்?
– வாசகர், மார்த்தாண்டம்

ஆ. மாதவனின் கதைகள், தம்பி. திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்திருந்தவர் அவர். அந்தத் தெருவின் சுமட்டுக்காரனும் சில்லறை வியாபாரியும்தான் அவர் கதை ஆட்கள். கல்யாணச் சாமான் வாங்க உங்கள் அம்மா அந்தத் தெருவுக்குப் போயிருப்பார்கள். ஒவ்வொரு கதையும் சின்னது, ஒரு இருப்பில் முடியும். 'பாச்சி' என்று ஒரு நாயின் கதை இருக்கிறது. அதை மட்டும் பகலில் வாசியுங்கள், ராத்திரி வேண்டாம்.