ஆறு மாதமாக இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லையே, ஏன்?

நீங்கள் நாற்பதைத் தாண்டிய பெண் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏனென்றால் 46 வயதில் நானும் இதே கேள்வியோடுதான் அலைந்தேன்.

அப்போது எனக்கு ஹீமோகுளோபின் 8.1. மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகம். மாத்திரையை ஒருநாள்கூட விட்டதில்லை. காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை (நாலு வருஷமாக), அப்புறம் காபி, காபியோடு இரும்பும் கால்சியமும் சேர்த்து. ஆறு மாதம் கழித்து 8.4. "சரியா சாப்பிடுறீங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டார்களே தவிர, எதோடு சாப்பிடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டது வேறொரு டாக்டர். காபி, டீயில் இருப்பவை இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியமும் தடுக்கும். கீரை, பருப்பிலுள்ள இரும்பு கரைய வயிற்று அமிலம் வேண்டும், கேஸ் மாத்திரை அதைத்தான் குறைக்கிறது. ஒரு மாத்திரை போட்டதும் கல்லீரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, மறுநாள் வரை குடல் இரும்பை உள்ளே விடுவதைக் குறைக்குமாம். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள், மதியத்துக்கு முன்னால், எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னார். கேஸ் மாத்திரையையும் அவரே படிப்படியாக நிறுத்தினார். நாலு மாதத்தில் 11.6. ரத்தப்போக்குக்கும் தனியாக வைத்தியம் நடந்தது, அதை மறைக்கவில்லை. நான் டாக்டர் இல்லை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொரோனா காலத்தில் ஆரம்பித்த ஜிங்க் மாத்திரையை இன்னும் போடுகிறீர்களா? அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதிக அளவில் நெடுநாள் போட்டால் செம்பு உடம்பில் சேராது. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போக செம்புள்ள நொதி வேண்டும். செம்பு குறைந்தாலும் ரத்தசோகை வரும்.

மாதவிடாய் நின்றபின் கணக்கே வேறு. அமெரிக்கப் பரிந்துரையில் 50 வயது வரை பெண்ணுக்கு நாளுக்கு 18 மி.கி. இரும்பு, அதன்பின் 8. கூடுதல் இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. டாக்டரைக் கேட்காமல் இரும்பு மாத்திரையைப் பழக்கத்தில் தொடராதீர்கள்.

"முருங்கைக்கீரை சாப்பிடு" என்று எனக்குச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. ஆய்வதும் நான், வதக்குவதும் நான், எல்லோரும் எழுந்தபின் சட்டியில் மிஞ்சுவது ஒரு கரண்டி. எனக்கென்று வாங்கிய சுவரொட்டிகூட (ஆட்டு மண்ணீரல்) ஆண்கள் தட்டுக்குப் போய்விடும். கறியிலுள்ள இரும்புதான் சுலபமாகச் சேரும், அது யாருக்குத் தேவைப்பட்டது? இருபது வருஷம் இப்படிச் சாப்பிட்டவளிடம்தான் "சரியா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்கள்.