மூன்றாவது ஒலிப்பதிவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பீத்தோவனின் பியானோ சொனாட்டாக்கள், அதாவது சில பகுதிகளாக அமைந்த தனிப் பியானோ படைப்புகள், 32. ஒருவரே அத்தனையையும் வாசித்த தொகுப்புகள் எத்தனையோ வந்துவிட்டன. பியானோ கலைஞர் பிரென்டல் மூன்று தடவை பதிவு செய்திருக்கிறார். இசையமைப்பாளர் ஷோபான் கதையும் இதேதான். பேர்பெற்ற நாலைந்து பேரையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் எப்போது காதில் விழுவது? இவர்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவைத்தால் மறந்துபோனவர்களுக்கு இடம் கிடைக்காதா?

கே., கோவை

அன்புள்ள கே.,

கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். பீத்தோவனை எடுத்துவிட்டால் அந்த நாற்காலியில் மறந்துபோன இசையமைப்பாளர் டுசெக் வந்து உட்காரமாட்டார்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பீத்தோவனையே யாரும் அதிகம் வாசிப்பதில்லை. அவருடைய ஏழெட்டு சொனாட்டாக்களைத்தான் வாசிக்கிறார்கள். ஓபஸ் (படைப்பு எண்) 53 'வால்ட்ஸ்டைன்', ஓபஸ் 57 'அப்பாஸியோனாட்டா'. நடுவில் ஓபஸ் 54 என்று எஃப் மேஜர் சுருதியில் ஒரு சொனாட்டா இருக்கிறது. இரண்டே பகுதிகள். மினுயெட் நடனம் மாதிரி சாதுவாக ஆரம்பித்து, திடீரென்று இரண்டு கையும் ஆக்டேவ்களில் (ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து) முரட்டுத்தனமாக இறங்கும். கச்சேரியில் அதைக் கேட்பது அபூர்வம். பட்டப்பெயர் இல்லாததுதான் அதன் குறை. அந்தப் பட்டப்பெயர்களில் பலவும் பீத்தோவன் வைத்ததில்லை என்பது வேறு விஷயம். 'அப்பாஸியோனாட்டா' என்பது 1838இல், அவர் இறந்து பதினோரு வருடம் கழித்து, ஒரு பதிப்பாளர் ஒட்டிய லேபிள்.

அடுத்தது, திரும்ப வாசிப்பதெல்லாம் வீண் இல்லை. 'மூன்லைட்' சொனாட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி முழுவதையும் டேம்பரைத் தூக்கியபடி வாசிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார் பீத்தோவன். டேம்பர் என்பது கம்பிமேல் உட்கார்ந்து நாதத்தை அமுக்கும் பஞ்சுக்கட்டை; இன்று பெடலை மிதித்தால் அது மேலே எழும். எழுதிய வருடம் 1801. அன்றைய வியன்னா பியானோவில் கம்பி மெல்லியது, சுத்தியலில் தோல் சுற்றியிருக்கும், நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். இரும்புச் சட்டமும் கனத்த கம்பியும் உள்ள இன்றைய பியானோவில் அப்படியே பெடலை மிதித்துக்கொண்டிருந்தால், சுரக்கூட்டு மாறிய பிறகும் பழையது சாகாமல் புதியதோடு கலந்து கூழாகிவிடும். அதனால் பெரும்பாலோர் சுரக்கூட்டு மாறும்போதெல்லாம் பெடலை எடுத்து மிதிக்கிறார்கள், அல்லது பாதி மிதிக்கிறார்கள். ஆந்த்ராஷ் ஷிஃப் இன்றைய பியானோவிலேயே பெடலை விடாமல் பிடிக்கிறார். ரொனால்ட் பிரௌட்டிகம் பழைய பாணி ஃபோர்ட்டேபியானோவுக்கே போய்விட்டார். ஒரே கேள்விக்கு இவை மூன்று பதில்கள், மூன்றும் வேண்டும். அதே மாதிரி பியானோ, அதே பதிப்பு, அதே பெடல் என்று வருகிற ஐம்பதாவது இசைத்தட்டைத்தான் நீங்கள் குறை சொல்கிறீர்கள் என்றால், உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இன்னும் நல்ல உதாரணம் ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா, 1828இல் எழுதிய பி ஃப்ளாட். எட்டாவது பாரில் (தாளக்கட்டில்), பியானோவின் அடிவயிற்றில், ஒரு ட்ரில் (பக்கத்துப் பக்கத்து இரண்டு சுரம் வேகமாக மாறி மாறி ஒலிப்பது) மிக மெல்லியதாக உறுமிவிட்டு நின்றுவிடும். முதல் பகுதியின் முதல் பாதி முடிந்ததும் ஆரம்பத்துக்குத் திரும்பச் சொல்கிறது இசைக்குறிப்பு. அப்படித் திரும்பினால் மட்டுமே வாசிக்க வேண்டிய ஒன்பது பார்கள் அங்கே இருக்கின்றன. மற்ற இடங்களிலெல்லாம் அடங்கி ஒலிக்கும் அந்த ட்ரில் முழு பலத்தோடு வெடிப்பது அங்கே மட்டும்தான். பிரென்டல் திரும்புவதில்லை, ஒன்பது பாரும் போய்விடும். ரிக்டர் திரும்புகிறார், அதுவும் ஆமை வேகத்தில்; அந்த ஒரு பகுதியே 24 நிமிடத்தைத் தாண்டும். ஒருவர் காதுக்கு அந்த வெடிப்பு ஒட்டாத சத்தம். மற்றவருக்கு அது இல்லாவிட்டால் முதலில் கேட்ட உறுமலுக்கே அர்த்தமில்லை. ஒரே ஒரு பதிவு இருந்திருந்தால் இப்படி ஒரு தகராறு இருப்பதே நமக்குத் தெரியாது.

இதில் கவனிக்க வேண்டியது, சொனாட்டா விஷயத்தில் ஷூபர்ட்டே ரொம்ப காலம் மறக்கப்பட்டவர்தான். ஷ்னாபல் இந்த சொனாட்டாவைப் பதிவு செய்தது 1939இல். பின்னால் வந்தவர்கள் அவரோடு முரண்பட்டு வாசித்து வாசித்துத்தான் அது இன்றைய இடத்துக்கு வந்தது.

மறந்துபோனவர்களுக்குக் கிடைக்காதது இந்த முரண்பாடுதான். ஹைப்பீரியன் இசைத்தட்டு நிறுவனம் 1991இல் ரொமான்டிக் பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) வரிசையைத் தொடங்கி எண்பது தட்டுக்கு மேல் போட்டுவிட்டது. பெரிய சேவை, சந்தேகமில்லை. ஆனால் அதில் உள்ள பல கான்செர்ட்டோக்களுக்கு அதற்குப் பிறகு ஆள் வருவதில்லை. ஒரே பதிவு என்றால் வாசித்தவரின் குறையெல்லாம் எழுதியவர் தலையில் விழும். இவர் வேகம் குறைத்த இடத்தில் அவர் சரக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

கச்சேரியில் இரண்டாவது ஆள் வராததற்குக் காரணம் ரசனை மட்டுமில்லை, ஒத்திகைக் கணக்கும்தான். இசைக்குழுவுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று ஒத்திகை. ரக்மானினோவின் இரண்டாவது கான்செர்ட்டோ என்றால் வயலின்காரர்கள் கைக்கே அது தெரியும். மிச்ச நேரத்தை சிம்பொனிக்குக் கொடுத்துவிடலாம். மறந்துபோன ஹும்மலின் பி மைனர் கான்செர்ட்டோ என்றால் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தாள் தேடி வாங்க வேண்டும். பழைய அச்சாக இருந்தால் பிழை இருக்கும்; "இங்கிருந்து எடுங்கள்" என்று இசைக்குழு நடத்துநர் இடம் காட்டச் சொல்கிற அடையாள எழுத்து ஒருவர் தாளில் இருக்கும், இன்னொருவர் தாளில் இருக்காது. ஹார்ன்காரர் ஒரு தப்பைப் பிடித்தால் பத்து நிமிடம் போச்சு. பியானோக்காரருக்கோ சில மாத உழைப்பு, இரண்டு மேடையோடு சரி.

  

பணம் வந்தால் எதுவரை நடக்கும் என்பதற்கு மெட்னர் சாட்சி. 14 பியானோ சொனாட்டா எழுதிய ரஷ்யர். 1940களில் லண்டனில் உடம்பும் சரியில்லாமல், கையில் காசும் இல்லாமல் இருந்தார். பணம் கொடுத்தவர் நமக்குப் பக்கத்து மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். அந்தப் பணத்தில் எச்.எம்.வி. பதிவு செய்தது, மூன்று கான்செர்ட்டோவையும் மெட்னரே வாசித்தார். மூன்றாவதை மகாராஜாவுக்குக் காணிக்கையாக்கினார். ஆனாலும் மெட்னர் பரவலாகக் காதில் விழத் தொடங்கியது பல வருடம் கழித்து, கிலெல்ஸ் போன்ற பியானோ கலைஞர்கள் ஒரு சொனாட்டாவையாவது கையிலெடுத்து, பிறகு டோசரும் ஆம்லனும் வரிசையாகப் பதிவு செய்த பிறகுதான். முதல் பதிவைப் புரவலர் வாங்கித் தரலாம். மூன்றாவதுக்கு வாசிப்பவருக்கே ஆசை வர வேண்டும்.

நீங்கள் கேட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். இசையமைப்பாளர் கிளெமென்டியின் எஃப் ஷார்ப் மைனர் சொனாட்டா. ஹோரோவிட்ஸ் 1950களில் வாசித்ததும் இருக்கிறது, ஹோவர்ட் ஷெல்லியின் முழுத் தொகுப்பிலும் இருக்கிறது. தேடும்போது எண் குழப்பும்: பழைய தட்டில் ஓபஸ் 26, எண் 2 என்றிருக்கும்; புதியதில் ஓபஸ் 25, எண் 5. இரண்டும் ஒன்றே. சுருதிப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நடுவில் வரும் மெதுவான பி மைனர் பகுதியை மட்டும் இரண்டு பேரிடமும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.