லேண்ட் ரோவரை விற்கலாம், கிளச்சை விட முடியாது

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஜீப் பற்றியவை. மாரி தொடங்கப் போகிறது, வயல் றோட்டெல்லாம் சேறாகப் போகிறது, அதனால் இருக்கலாம். முதல் கடிதத்துக்கு மட்டும் நீளமாக எழுதியிருக்கிறேன், மற்றவர்கள் கோவிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணை, என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, 300 டிடிஐ டீசல் என்ஜின். நிலாவெளியில் சின்ன விடுதி நடத்துகிறேன், விருந்தினரை ஏற்றி இறக்கவும், திரியாய்ப் பக்கம் இருக்கும் மாமாவின் வயலுக்குப் போகவும் அதுதான். இப்போது சேசி (வண்டியைத் தாங்கும் அடிச் சட்டம்) கறள் பிடித்துவிட்டது, திருத்திக் களைத்துவிட்டேன். ஜப்பான் வண்டிக்கு மாறலாம் என்று யோசனை. மகன் ஓட்டோ கியர் எடுங்கள் என்கிறான். எனக்குக் கிளச் மிதிக்காமல் ஓடினால் நித்திரை வருகிறது. கம்பனியை மாற்றினாலும் மனுவல் கியரோடு இருக்க வழி உண்டா?
– நிலாவெளி வாசகர்

பதில்: உண்டு, ஆனால் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே போகிற வழி. நீங்கள் லேண்ட் ரோவரிலேயே இருக்க நினைத்தாலும் புது டிஃபெண்டரில் கிளச் கிடையாது. பழைய டிஃபெண்டர் 2016 ஜனவரியோடு நின்றது, 2020இல் வந்த புதியது ஓட்டோ மட்டும்தான். ஆகவே உங்களைப் போன்ற ஆள் கம்பனியை மாற்றுவது துரோகம் ஒன்றும் இல்லை, கம்பனிதான் முதலில் உங்களை விட்டுப் போனது.

ஜப்பான் பக்கமும் எல்லாம் திறந்து கிடக்கவில்லை. லேண்ட் குரூசர் 70ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் ஜப்பானில் மறுபடி விற்பனைக்கு விட்டபோது 4 லீற்றர் பெற்றோல் என்ஜினும் 5 கியர் மனுவலும் மட்டும்தான் கொடுத்தார்கள், ஓட்டோவே இல்லை. 2023 நவம்பரில் அதே 70 திரும்பி வந்தபோது 2.8 லீற்றர் டீசலும் ஓட்டோவும் மட்டும். ஒரே பெயர், ஒரே முகம், ஒன்பது வருடத்தில் தலைகீழ். அதனால் ‘70இல் மனுவல் இருக்குமா?’ என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை, எந்த வருடம், எந்த நாட்டுக்குச் செய்த வண்டி என்றுதான் கேட்க வேண்டும். இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, ஆகவே இடைப்பட்ட வருடத்து மொடல்கள் நம் பக்கத்தில் அருமை, உள்ள பழசுக்குச் சொல்லும் விலையைக் கேட்டால் வாகனத்தை விட்டுவிட்டு மாடு வாங்கலாம் போல இருக்கும்.

உங்களுக்கு நடைமுறையில் சரிவரக்கூடியது இரண்டு. ஒன்று, மனுவல் டபிள் கெப், அதாவது இரண்டு வரிசை ஆசனமும் பின்னால் திறந்த தட்டும் உள்ள பிக்கப். ஹைலக்ஸ், எல்200, டி-மெக்ஸ் எதுவாக இருந்தாலும் திருமலையில் கண்ணை மூடிக்கொண்டு திருத்தக்கூடிய கராஜ்கள் இருக்கின்றன. மற்றது சுசுகி ஜிம்னி. 2018இல் வந்த உருவத்தில் 1.5 லீற்றர் பெற்றோல் என்ஜின், 5 கியர் மனுவல், உண்மையான ஏணிச் சேசி, சேற்றிலும் மணலிலும் மெல்ல ஊர்வதற்கான லோ கியருக்குத் தனி லீவர், எல்லாம் இருக்கிறது. நாலு விருந்தினரும் அவர்களுடைய பெட்டிகளும் ஏறாது, அது வேறு கதை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கெப்தான் எடுப்பேன். ஆனால் மனம் ஜிம்னியில் இருக்கும்.

இனி ஓடுகிற விதம். மனுவல் என்றால் மனுவல்தானே, நேற்று வரை ஓடிய கை கால் இன்றைக்கும் ஓடும் என்று நினைக்காதீர்கள். உங்கள் டிடிஐ என்ஜின் நிமிடத்துக்கு 1800 சுற்றிலேயே 265 நியூட்டன் மீற்றர் இழுவை தரும், அதனால் கிளச்சை விட்டுவிட்டு அக்சிலேற்றரைத் தொடாமலே மணலில் ஊர்ந்து போவீர்கள். ஜிம்னியில் 130தான், அதுவும் 4000 சுற்றில். அதே பழக்கத்தில் நிலாவெளி மணலில் இறங்கினால் என்ஜின் நின்றுவிடும், நின்றதும் பதறிக் கிளச்சைப் பாதி மிதித்து உறுமுவீர்கள், பத்து நிமிடத்தில் கருகின மணம் வரும். கியர் விகிதங்களைப் பெருக்கிப் பார்த்தால் லோ முதலாம் கியரில் உங்கள் டிஃபெண்டர் என்ஜின் ஏறக்குறைய 43 சுற்றுச் சுற்றச் சில்லு ஒரு தரம் சுற்றும், ஜிம்னியில் ஏறக்குறைய 36. ஜிம்னி 1100 கிலோ அளவுதான் என்பதால் அது போதும், ஆனால் உங்கள் இடது கால் அதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் எடுக்கும்.

நாலு சில்லு விஷயம் அதைவிட முக்கியம். டிஃபெண்டர் எப்போதும் நாலு சில்லிலும் ஓடுகிற வண்டி, முன் சில்லும் பின் சில்லும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விட்டுக்கொடுக்கிற நடு டிஃபரென்ஷல் இருப்பதால் தார் றோட்டிலும் பிரச்சினை இல்லை. கெப்பும் ஜிம்னியும் அப்படி இல்லை, வேண்டும்போது நாம்தான் போட வேண்டும். இரண்டு விதமாகவும் பிழை விடுவீர்கள். மழையில் கிரவல் றோட்டில் நாலு சில்லு போட மறந்து பின்பக்கம் வழுக்கும், பிறகு அந்தப் பயத்தில் போட்டதைக் கழற்றாமல் குச்சவெளியிலிருந்து உப்புவெளி வரை தாரில் ஓடி வருவீர்கள், வளைவில் ஸ்டியரிங் இறுகி வண்டி உதறும். அது பழுதில்லை, முன் சில்லும் பின் சில்லும் வேறு வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, நடுவில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாமல் உள்ளே முறுகுவது. அப்படியே ஓடினால்தான் பழுதாகும்.

சின்ன விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டும். டிஃபெண்டரில் சிக்னல் லீவர் இடது கைப்பக்கம், ஜப்பான் வண்டியில் வலது பக்கம். முதல் இரண்டு கிழமை ஒவ்வொரு சந்தியிலும் வெயிலில் வைப்பர் போடுவீர்கள். றிவர்ஸ் கியரையும் பாருங்கள். என்னுடைய பழைய லேண்ட் ரோவர் எல்டி77 கியர் பொக்ஸ், றிவர்ஸ் இடது பக்கம் முதலாம் கியரைத் தாண்டி மேலே. பிறகு வாங்கிய ஜப்பான் ஜீப்பில் அது வலது பக்கம் ஐந்தாம் கியருக்குக் கீழே. வாங்கி மூன்றாம் நாள் உட்துறைமுக வீதியில் நிற்பாட்டியிருந்ததைப் பின்னால் எடுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கையைப் பழையபடி இடதாகத் தள்ளி மேலே போட்டேன், முதலாம் கியர் விழுந்தது, ஜீப் முன்னால் துள்ளிக் கச்சான் விற்கிறவரின் தள்ளுவண்டியில் போய் முட்டியது. வறுத்த கச்சான் முழுக்க றோட்டில். காசு கொடுத்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன், ஒரு கிழமை சாப்பிட்டோம். உங்கள் 300 டிடிஐயில் இருப்பது ஆர்380, அதன் றிவர்ஸ் ஏற்கெனவே வலது பக்கம் கீழேதான், ஆகவே இந்தக் கஷ்டம் உங்களுக்கு வராது.

வாங்கப் போகும்போது இரண்டு சோதனை. நாலாம் கியரில் 40 வேகத்தில் போகும்போது அக்சிலேற்றரை முழுக்க மிதியுங்கள், என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் முடிந்துவிட்டது. பிறகு மூன்றிலிருந்து இரண்டுக்குக் கொஞ்சம் விரைவாக இறக்குங்கள், கர் என்று பல் கடித்தால் கியர்களை வேகம் ஒத்துப் பொருந்த வைக்கிற சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. லோ கியரையும் கட்டாயம் போட்டுப் பாருங்கள். பல கெப்களில் வாங்கின நாள் முதல் அதை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள், லீவர் இறுகிப் போயிருக்கும். ஓட்டோ பொக்ஸைக் கழற்றி மனுவல் போட்ட வண்டியும் சந்தையில் இருக்கும், மிதி பலகையடியில் புது வெல்டிங் தெரிந்தால் கேள்வி கேளுங்கள். பாகத்துக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்புவதென்றால் போகவே 260 கிலோமீற்றர் அளவு, அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: மணலில் ஓட்டோதான் உண்மையில் சுலபம், அவன் சொல்வது பிழை இல்லை. எனக்கும் மனுவல்தான் பிடிக்கும், அது வேறு.

கேள்வி: தம்பி கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். ஜீப் ரெங்ளர் மனுவல் வைத்திருக்கிறார், இப்போது ஃபோர்ட் புரொங்கோவுக்கு மாறப் போகிறாராம், கிளச்சோடுதான் வேண்டுமாம். அங்கே கிடைக்குமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.
– உப்புவெளி வாசகி

பதில்: கனடாவில் இருப்பவர் திருமலையில் கேட்கிறார், பெருமையாக இருக்கிறது. புரொங்கோ 2021 மொடலாகத் திரும்பி வந்தபோது மனுவலும் வந்தது, ஆனால் 2.3 லீற்றர் என்ஜினுக்கு மட்டும். பெரிய 2.7 வி6 வேண்டும் என்றால் ஓட்டோதான், இதைத் தெரியாமல் முற்பணம் கட்டிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். ரெங்ளரில் 6 கியர், புரொங்கோவில் 7. அந்த ஏழாவது மேலே கூடுகிற வேகக் கியர் இல்லை, முதலாவதுக்கும் கீழே ஊர்வதற்கென்று வைத்தது. லீவரில் ‘சி’ என்று போட்டிருக்கும். சரியான டிஃபரென்ஷலும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸும் (லோ கியர் தருகிற பெட்டி) எடுத்தால் என்ஜின் 94 சுற்றுக்கு மேல் சுற்றச் சில்லு ஒரு தரம் சுற்றும், ரெங்ளர் ரூபிக்கொன் மனுவலில் அது 84 அளவு. கல்லில் ஏறுகிறவருக்கு அது கொண்டாட்டம், வேலைக்குப் போய் வருகிறவருக்கு அந்த ‘சி’ தேவையே வராது. ஒன்று மட்டும் குறையாகத் தோன்றலாம்: ரெங்ளரின் முன் அச்சு ஒரே இரும்பு, புரொங்கோவில் முன் சில்லுகள் தனித்தனியாக ஆடும். றோட்டில் அது சுகம், பழைய ரெங்ளர் ஆட்கள் மட்டும் முகம் சுளிப்பார்கள்.

கேள்வி: தம்பலகாமத்தில் வாய்க்கால் பெருகினால் றோட்டைக் குறுக்கறுத்துத் தண்ணீர் ஓடும். மனுவல் ஜீப்பில் கடக்கும்போது கிளச்சை மிதித்துக்கொண்டே போனால் என்ஜின் நிற்காது என்கிறார்கள், சரியா?
– பெயர் போட வேண்டாம் என்றவர்

பதில்: பிழை. தண்ணீருக்குள் கிளச்சை மிதித்தால் கிளச் தட்டுக்கும் என்ஜினோடு சுற்றுகிற ஃபிளைவீலுக்கும் இடையில் சேற்றுத் தண்ணீர் புகும், அக்கரையில் ஏறும்போது கிளச் வழுக்கும். இறங்க முன்னமே லோ முதலாவதோ இரண்டாவதோ போட்டு, கியர் மாற்றாமல், கிளச்சைத் தொடாமல் ஒரே சீராகப் போங்கள். பழைய லேண்ட் ரோவரில் இதற்கென்றே ஒரு சின்னத் திருகு மூடி உண்டு, கிளச் பொக்ஸின் அடி ஓட்டையில் தண்ணீருக்கு இறங்க முன் பூட்டி, ஏறினதும் கழற்ற வேண்டும். பலர் கழற்ற மறந்து, உள்ளே கசிகிற ஒயில் வெளியே போக வழியில்லாமல் கிளச்சை நனைத்துக்கொள்வார்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடினால் ஜீப்பை நிற்பாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள்.

கேள்வி: கியர் பொக்ஸுக்கும் என்ஜினுக்கும் இடையில் சொட்டுச் சொட்டாக ஒயில். எங்கிருந்து வருகிறது என்று கராஜில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.
– மூதூர் வாசகர்

பதில்: விரலில் தொட்டு மணந்து பாருங்கள். கறுப்பாக இருந்தால் என்ஜின் பின்பக்க சீல். அழுகின முட்டை மாதிரி நாறினால் கியர் ஒயில், பொக்ஸின் முன் சீல். தண்ணீர் மாதிரி மெல்லியதாகக் கையைக் கழுவினதும் போய்விட்டால் கிளச் ஃபுளூயிட், அது கிளச்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டர், மூன்றிலும் மலிவு. கழற்றுவதற்கு முன்னமே இதைப் பாருங்கள், கழற்றின பிறகு எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கும்.