தரம் 6 பிள்ளைகளுக்கு வானியலைச் செய்துகாட்ட, செலவில்லாத மாதிரி ஏதாவது இருக்கிறதா?

அட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். முதல் வருடம் நானும் றெஜிபோமில் உருண்டைகள் வெட்டி, வர்ணம் பூசி, கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். பூமியை ஒட்டினாற்போல் சந்திரன். பார்க்க அழகுதான். "சந்திரன் பக்கத்து லயத்துலயா சேர் இருக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அன்றே எல்லாம் அலுமாரிக்கு மேலே போய்விட்டன.

இப்போது முதலில் செய்வது பந்து வேலை. உதைபந்து பூமி, டென்னிஸ் பந்து சந்திரன். "எவ்வளவு தூரத்தில் வைக்கலாம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பேன். ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு முழத்தில் வைப்பார்கள். அப்புறம் உதைபந்தில் ஒரு கயிற்றை ஒன்பதரைச் சுற்று சுற்றி, அவிழ்த்து நீட்டச் சொல்வேன். பூமியின் விட்டத்தைப் போல 30 மடங்கு, ஆறரை மீற்றருக்குச் சற்று மேல். கயிறு விறாந்தைக்கே போய்விடும். சரி, சூரியன்? அதே கணக்கில் 24 மீற்றர் அகலம், 2.6 கிலோமீற்றர் தூரம். எதிர் மலையில் தெரியும் பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரைக் கைகாட்டுவேன். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசமாட்டார்கள்.

பிறைகளுக்கு அந்தப் பழைய உருண்டைகளே போதும். அறையை இருட்டாக்கி, தலை உயரத்தில் ஒரு பல்பு. பல்புதான் சூரியன், பிள்ளையின் தலை பூமி, உருண்டை சந்திரன். உருண்டையைப் பென்சிலில் குத்தி, கையை நீட்டிப் பிடித்தபடி இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றவேண்டும். பல்பைப் பார்த்து நின்றால் அமாவாசை. கால்வட்டம் திரும்பினால் வலப்பாதி வெளிச்சம். முதுகைக் காட்டினால் தலையின் நிழல் உருண்டையில் விழும். பூமியின் நிழலால்தான் பிறை வருகிறது என்று நம்பிய பிள்ளைகள் திகைப்பது இங்கேதான். நிழல் விழுவது முழுநிலவில் அல்லவா! உருண்டையைச் சற்றுத் தூக்கினால் நிழல் விலகும். சந்திரனின் பாதை 5 பாகை சரிந்திருப்பதால்தான் போயாவுக்குப் போயா கிரகணம் வருவதில்லை. (புத்தகப் பிறை நிமிர்ந்து நிற்கும், எங்கள் ஊர்ப் பிறை தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். அதையும் சொல்லிவிடுங்கள்.)

இன்னொன்று, நட்ட கம்பு. ஏப்ரல் 7-ஐ ஒட்டி, பகல் 12.10 மணியளவில் எங்கள் பக்கம் அதற்கு நிழலே இருக்காது. விடுமுறையாக இருந்தால் வீட்டு முற்றத்தில் நடச் சொல்லுங்கள். செப்டெம்பர் 5 அளவில் மறுபடி ஒரு தடவை வரும், முகில் விட்டால்.